சரிவில் வீடு, பின்னால் மண்வெட்டு: பருவமழைக்கு முன் என்ன செய்வது?

கேட்டவர் சொன்ன விவரம் இது. நீலகிரி மாவட்டம் கொளப்பள்ளிப் பக்கம் 7 சென்ட் இடத்தில் வீடு. வீட்டுக்குப் பின்னால் 10 அடி உயரத்துக்குச் செங்குத்தாக மண் வெட்டி எடுத்திருக்கிறது. அந்த வெட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே 4 அடிதான் இடைவெளி. போன மழையில் பின்னறைச் சுவரில் ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. வீட்டில் 72 வயது அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். 2024-ல் பக்கத்து வயநாட்டில் நிலச்சரிவில் புதைந்த சூரல்மலையைப் பார்த்த பிறகு மழை வலுத்தால் தூக்கம் வருவதில்லை. "டார்ச், மருந்து, பேப்பர் எல்லாம் வைத்து ஒரு அவசரப் பை தயார் செய்துவிட்டேன். நிலச்சரிவு, புயல், நிலநடுக்கம் எல்லாவற்றுக்கும் வீட்டைத் தயாராக வைக்க வேறென்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

பை தயார் செய்தது நல்ல காரியம். ஆனால் நம் மலையில் பை கடைசி வேலை. முதல் வேலை மார்ச், ஏப்ரலில் மண்வெட்டியும் கையுமாகச் செய்வது. நடுவில் இன்னொரு வேலை இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை: எந்த நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்புவது என்பதை மழை இல்லாத ஒரு நாளில் உட்கார்ந்து முடிவு செய்வது. இந்த இரண்டையும் செய்யாமல் பையை மட்டும் கட்டி வைத்தால் அது கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும்.

நான் பந்தலூர் வட்டத்தில் 26 வருஷமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். அப்பாவும் அம்மாவும் சிலோனிலிருந்து திரும்பி வந்து டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில்தான் வளர்ந்தேன். தேவாலா மழையும் சேரம்பாடி மழையும் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் 2024 ஜூலை 30 விடியற்காலைக்குப் பிறகு, நான் கட்டிக் கொடுத்த ஒவ்வொரு வீட்டையும் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சோலாடி செக்போஸ்ட்டைத் தாண்டி வடுவன்சால், அப்புறம் மேப்பாடி, அதற்கப்பால் சூரல்மலை. அங்கே பெய்ததும் நம் தலைக்கு மேல் நின்றதும் ஒரே மேகம்தான். நம் பக்கத்திலிருந்து அங்கே வேலைக்குப் போனவர்களும் அந்த மண்ணில் போனார்கள்.

முதலில் சரிவு ஏன் இறங்குகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அது புரிந்தால் பாதி வேலை தானாகத் தெரியும். நம் மலையில் மேலே செம்மண். அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு களி மண். காய்ந்திருக்கும்போது கடப்பாரை போட்டாலும் தெறிக்கும், நனைந்துவிட்டால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். அதற்கும் கீழே பாறை. மழைத் தண்ணீர் செம்மண்ணுக்குள் இறங்கிக் களியிலோ பாறையிலோ தட்டி நிற்கிறது. போக வழி கிடைத்தால் கசிந்து ஓடைக்குப் போய்விடும். வழி அடைபட்டால் உள்ளேயே தேங்கி, மேலிருக்கும் மண்ணைக் கனமாக்கி, அடியிலிருந்து தூக்கவும் ஆரம்பிக்கும். ஒரு கட்டத்தில் மண்ணின் பிடி விட்டுவிடுகிறது. மரம் வெட்டினது, பாறை உடைத்தது, சரிவின் அடிக்காலை வெட்டினது என்று பல காரணம் சேரும். சரிவின் காலை வெட்டி வீட்டுக்கு இடம் எடுக்கிறோமே, அதுதான் உங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் 10 அடி. ஆனால் கடைசியில் தள்ளிவிடுவது மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர்தான்.

அதனால் உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தேவையில்லாமல் மண்ணுக்குள் இறங்கக் கூடாது. மலைச்சரிவு வீட்டுக்கு என் முதல் கணக்கு இதுதான்.

கூரையில் இருந்து ஆரம்பியுங்கள். 800 சதுர அடிக் கூரை என்றால் சுமார் 74 சதுர மீட்டர். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் உங்கள் கூரையிலிருந்து மட்டும் 7,400 லிட்டர் இறங்குகிறது. 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஏழு நிரம்பி மேலும் வழியும். நம் ஊரில் பாதி வீடுகளில் இவ்வளவும் பின்பக்கம் விழுந்து, வெட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற அந்த 4 அடிச் சந்தில் தேங்குகிறது. அஸ்திவாரமும் ஊறுகிறது, வெட்டின் காலும் ஊறுகிறது. கூரை ஓரத்தில் தகரத்திலோ பிவிசியிலோ வடிகால் போட்டு, குழாய் வழியாக முன்பக்கம் கொண்டுவந்து, ரோட்டோர ஓடையிலோ பாறை தெரியும் ஓடையிலோ விடுங்கள். கீழ் வீட்டுக்காரர் தலையில் விட்டுவிடாதீர்கள். அவர் பின்னால் இருக்கும் வெட்டு உங்கள் முற்றத்தைத் தாங்கி நிற்கிறது, அது போனால் உங்கள் வீட்டு முன்வாசலும் சேர்ந்தே போகும்.

இந்த இடத்தில் ஒரு பெரிய தப்பைச் சொல்ல வேண்டும். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். சமவெளிக்கு அது அருமையான திட்டம். சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வரும் வரைபடத்தைப் பார்த்து, இங்கே சரிவிலும் வீட்டுக்குப் பின்னால் ஜல்லி போட்ட உறிஞ்சுகுழி தோண்டுகிறார்கள். செங்குத்துச் சரிவில் அது நாமே மலைக்குள் தண்ணீர் ஏற்றுகிற வேலை. சேகரிக்க வேண்டுமானால் தொட்டியில் சேகரியுங்கள், மண்ணுக்குள் விடாதீர்கள். வரப்போரத்தில் வெட்டும் மழைக்குழிக்கும் இதே கதைதான். மேலே தேயிலையோ காப்பியோ வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர் உங்கள் வெட்டுக்கு நேர் மேலே குழி எடுத்திருந்தால் போய்ப் பேசி மூடச் சொல்லுங்கள். செப்டிக் டேங்க் கழிவுநீர் இறங்கும் குழியும் அப்படித்தான். வீட்டுக்கு மேல்பக்கம் இருந்தால் வருஷம் முழுக்க மண்ணை நனைத்துக்கொண்டே இருக்கும். மழையில்லாத மாதங்களில்கூடப் பின்சுவர் அடியில் ஈரம் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். அப்புறம், மேலே இருந்து வரும் தண்ணீர்க் குழாய். காட்டு ஊற்றிலிருந்து கறுப்பு ஓஸ் இழுத்துத் தண்ணீர் எடுக்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய. ஒரு இணைப்பு விட்டுப்போய் மூன்று மாதமாகச் சரிவில் ஒழுகிக்கொண்டிருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

வெட்டுக்கு மேலே, விளிம்பிலிருந்து சில அடி உள்ளே தள்ளி, மேலிருந்து ஓடிவரும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட ஒரு வாய்க்கால் வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லோரும் வெறும் மண் வாய்க்காலாக வெட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். சரிவின் தலையில் வெட்டிய மண் வாய்க்கால், தண்ணீர் உள்ளே இறங்க நாமே போட்டுக்கொடுத்த விரிசல். சிமென்ட் பூசுங்கள். கையில் காசு இல்லையென்றால் பிவிசி பைப்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பதியுங்கள், அதுவும் முடியாவிட்டால் தடிமனான தார்ப்பாயையாவது விரித்துக் கல் வையுங்கள். வாய்க்கால் முடியும் இடம் பாறையாகவோ கல் அடுக்கியதாகவோ இருக்க வேண்டும். மே கடைசியில் ஒருமுறை, ஜூலை நடுவில் ஒருமுறை சருகை வாரி எடுங்கள். சில்வர் ஓக் இலை ஒரே வாரத்தில் வாய்க்காலை அடைத்துவிடும்.

சரி, அந்த 10 அடி வெட்டை என்ன செய்வது? பொதுவாக நான் வைத்திருக்கும் அளவு, வெட்டு எவ்வளவு உயரமோ குறைந்தது அவ்வளவு தூரமாவது வீடு தள்ளியிருக்க வேண்டும் என்பது. உங்களுக்கு 10 அடிக்கு 4 அடிதான் இருக்கிறது. வீட்டை நகர்த்த முடியாது, வெட்டைச் சாய்வாக்கப் பின்னால் இடம் இருக்குமா என்றும் தெரியவில்லை. இடம் இருந்தால், ஒரே செங்குத்தாக விடாமல் இரண்டு படியாக எடுத்து, ஒவ்வொரு படியிலும் வெட்டிவேர் நடலாம். அதன் வேர் நேராகக் கீழே இறங்கி மேல்மண்ணைப் பிடிக்கும். ஆனால் மழைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஜேசிபி கூப்பிடாதீர்கள். நீலகிரியில் அதற்கு அனுமதியும் வேண்டும். புதிதாக அசைத்த மண் அந்த வருஷ மழையைத் தாங்காது.

இடம் இல்லையென்றால் தடுப்புச்சுவர்தான். இதில் என் கையால் நடந்த ஒரு தப்பைச் சொல்கிறேன். 2011-ல் ஒரு வீட்டுக்குப் பின்னால் 8 அடி உயரத்தில் கருங்கல்லும் சிமென்ட்டுமாகத் தடுப்புச்சுவர் கட்டினேன். நல்ல வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். தண்ணீர் வெளியேற ஓட்டை வைக்கவில்லை. சுவரில் ஈரம் ஒழுகினால் பார்க்க நன்றாயிருக்காது என்று வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு நானும் விட்டுவிட்டேன். மூன்றாவது மழையில் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் சுவரின் நடுப்பகுதி வயிறு மாதிரி முன்னால் வந்திருந்தது. குடும்பத்தை அப்போதே வெளியேற்றிவிட்டு, ஓரமாக நின்று, சுவரின் கோடியில் அடிப்பக்கம் ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் நடுவே கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்தோம். இரண்டடி போயிருக்கும். கம்பியை உருவினதும் தண்ணீர் ஓஸ் பைப்பில் வருவதுபோல் பீய்ச்சியடித்தது. செம்மண் நிறத்தில், நின்றபாடில்லாமல் முக்கால் மணி நேரம் வந்தது. அத்தனை தண்ணீரும் அந்தச் சுவரின் முதுகில் நின்றிருக்கிறது. மறுநாளே கோடை வரை காத்திருக்காமல் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தோம். ஒருவருக்கும் அடிபடாதது நாங்கள் செய்த புண்ணியம். அதற்கப்புறம் இன்றுவரை ஓட்டை இல்லாமல் நான் ஒரு சுவரும் கட்டியதில்லை, யார் என்ன சொன்னாலும்.

ஆகவே தடுப்புச்சுவர் கட்டினால் ஐந்தடிக்கு ஒன்றாக, வரிசை மாற்றி மாற்றி, 3 அங்குல பைப் வையுங்கள், வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி. துணி இல்லாவிட்டால் நாலைந்து வருஷத்தில் களி வந்து ஜல்லியை அடைத்துவிடும். கம்பி வலைக்குள் கல் அடுக்கும் கேபியன் சுவர் இன்னும் நல்லது, அது தானாகவே வடியும், கொஞ்சம் அசைந்தாலும் உடையாது. ஏற்கெனவே சுவர் இருந்தால் மழை நேரத்தில் அந்தப் பைப்புகளைப் பாருங்கள். ஒழுகினால் சந்தோஷப்படுங்கள். எப்போதும் ஒழுகுகிற பைப் பலத்த மழையில் ஒழுகாமல் நின்றால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். சுத்தியல் வேலையை நீங்கள் செய்யாதீர்கள், மழை விட்டு நாலு நாள் கழித்து ஆளைக் கூப்பிட்டுச் செய்யுங்கள். 8 அடிக்கு மேல் உயரம் என்றால் என்னைப் போன்ற காண்ட்ராக்டர் கணக்குப் போதாது, டிசைன் தெரிந்த இன்ஜினியர் பார்த்தாக வேண்டும்.

உங்கள் பின்னறை விரிசலுக்கு வருகிறேன். பூச்சில் மயிரிழையாக ஓடும் வெடிப்பு எல்லா வீட்டிலும் உண்டு. கவலைப்பட வேண்டியது, செங்கல் இணைப்பைப் பின்பற்றிப் படிக்கட்டுபோல் சாய்வாக ஏறுகிற விரிசலும், ஒரு பக்கம் அகலமாக மறுபக்கம் குறுகலாக இருக்கிற விரிசலும்தான். அது வளர்கிறதா என்பதே முக்கியம். ஒரு பழைய ஜன்னல் கண்ணாடித் துண்டு, விரலளவு அகலம் போதும், விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் சிமென்ட் பேஸ்ட் வைத்து ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள். விரிசலின் இரண்டு கோடியிலும் ஒரு சின்னக் கோடு போட்டு அதற்கும் தேதி. சுவர் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். மழையின் நடுவே அது உடைந்தால் காரணம் யோசித்துக்கொண்டு உட்கார வேண்டாம், கிளம்பிவிடுங்கள். இப்போதே அந்தப் பின்னறையில் யாரும் படுக்காதீர்கள். கட்டிலை முன்னறைக்கு மாற்றுங்கள், பின்னறை மழைக்காலத்தில் விறகு வைக்கவும் துணி காயப்போடவும் இருக்கட்டும்.

விரிசல் சுவரில் மட்டுமா, மண்ணிலும் இருக்கிறதா என்று மேலே ஏறிப் பாருங்கள். வெட்டுக்கு மேல் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பிறை வடிவில் ஒரு கோடு ஓடினால், ஒரு பக்கம் இரண்டு விரல் தாழ்ந்திருந்தால், அது சரிவு கிளம்பத் தொடங்கிய இடம். களிமண்ணைப் போட்டு இடித்து மூடி, மேலே தார்ப்பாய் விரித்து, தண்ணீர் உள்ளே போகாமல் செய்யலாம். அது தற்காலிக வேலைதான். போட்டோ எடுத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள், புவியியல் துறை ஆட்கள் வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். 2024 மழையில் மேல்கூடலூர் கோக்காலில் வீடுகளில் விரிசல் விழுந்தபோது அப்படித்தான் வந்து பார்த்தார்கள். சாயாமல் நின்ற மின்கம்பம் சாய்வது, வேலிக் கம்பி திடீரென்று விறைப்பது, கதவு மாட்டிக்கொள்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, எல்லாம் ஒரே செய்திதான். இவை தவிர இன்னும் இரண்டைத் தனியாக மனதில் வையுங்கள். கொட்டும் மழையில் பக்கத்து ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைந்தாலோ, சேறாக மாறினாலோ, மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கிறது. அடைப்பு உடையும்போது எல்லாம் சேர்ந்து வரும். அப்போது ஓடைப்பக்கம் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது. ஓடைக் கரையிலிருந்து விலகி, பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். ஓடையின் போக்கிலேயே கீழே ஓடக் கூடாது.

இப்போது நேரக் கணக்கு. என் கவலை முழுவதும் இதில்தான்.

2020 ஆகஸ்ட் 6, மூணாறு பெட்டிமுடி. லைன் வீடுகள் மேல் மலை இறங்கியது இரவு பத்தே முக்கால் வாக்கில். கரண்டும் போனும் இல்லாததால் வெளியுலகத்துக்குச் செய்தி போனதே மறுநாள் காலையில்தான். 70 பேர், பெரும்பாலும் கயத்தாறு பக்கத்து வேர் உள்ள நம் தமிழ்க் குடும்பங்கள். 2024 ஜூலை 30, முண்டக்கையும் சூரல்மலையும், நள்ளிரவு தாண்டி ஒருமுறை, விடிவதற்குள் மறுபடி. 250-க்கும் மேற்பட்டவர்கள். இரண்டு இடத்திலும் ஆட்கள் படுக்கையில் இருந்தார்கள். இருட்டில் சத்தம் கேட்ட பிறகு ஓட நேரமில்லை. நம் பக்கத்தில் இதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது, யானை. சேரம்பாடியிலும் அய்யன்கொல்லியிலும் ராத்திரி பதினொரு மணிக்கு மழையில் பிள்ளைகளையும் வயதான அம்மாவையும் கூட்டிக்கொண்டு தேயிலைக் காட்டு வழியாக நடப்பது எப்படி என்று உங்களுக்கே தெரியும். அதனால் மலைக்காரன் பகல் வெளிச்சத்தில் கிளம்ப வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு முடிவு, ஐந்து மணிக்குள் அடுத்த வீடு. ராத்திரி ஏதும் நடக்கவில்லையென்றால் காலையில் திரும்பி வந்து டீ போட்டுக் குடிக்கலாம். பத்து தடவை போய் ஒன்பது தடவை ஒன்றும் நடக்காமல் திரும்பினாலும் அது வீண் அலைச்சல் இல்லை.

எந்த மழைக்குக் கிளம்புவது? மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வானிலை மையம் கொடுக்கும் எச்சரிக்கையைக் கேளுங்கள். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-க்கு மேல் அதிகனமழை. ஆனால் எச்சரிக்கை நீலகிரி மாவட்டம் முழுவதற்கும் வருகிறது. தேவாலாவில் கொட்டும்போது மசினகுடியில் வெயில் அடிக்கும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவானது. அதே நாளில்தான் நமக்குப் பக்கத்தில் புத்துமலையும், நாடுகாணிச் சுரத்துக்குக் கீழே நிலம்பூர்ப் பக்கம் கவளப்பாறையும் மண்சரிவில் போயின. எனவே உங்கள் முற்றத்து மழையை நீங்களே அளக்க வேண்டும்.

இதற்கு ஒரு 4 லிட்டர் பெயின்ட் டப்பா போதும். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாளி ஆகாது, அது மேலே அகலம். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் கல் வைத்து நிறுத்துங்கள். தினம் காலை எட்டரைக்கு, பிள்ளையின் ஸ்கேலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதிவிட்டுக் கொட்டுங்கள். வானிலைத் துறையும் எட்டரை முதல் எட்டரை வரைதான் கணக்கெடுக்கிறது. பலத்த மழை நாளில் சாயங்காலமும் ஒருமுறை பாருங்கள். உங்கள் மகளிடமோ மகனிடமோ இந்த வேலையை ஒப்படையுங்கள், ஒரு நாளும் தவறாது. வயநாட்டில் கல்பெட்டாவில் இருக்கும் ஹியூம் மையம் என்ற சூழலியல் ஆய்வு அமைப்பு இப்படித்தான் ஊர்க்காரர்களை வைத்து 200-க்கு மேற்பட்ட இடங்களில் மழை அளக்கிறது. முண்டக்கைப் பக்கம் ஆபத்து என்று முந்தின நாளே சொன்னது அந்தக் கணக்கை வைத்துத்தான். அங்கே 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் பெய்திருந்தது.

என் வீட்டுக்கு நான் வைத்திருக்கும் கோடு இது: ஒரு வாரமாக மழை விடாமல் பெய்து மண் ஊறியிருக்கும்போது ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் தாண்டி, இன்னும் விடவில்லையென்றால் அன்று இரவு அங்கே படுப்பதில்லை. இது அனுபவத்தில் வைத்தது, எல்லா மண்ணுக்கும் பொருந்தும் சூத்திரம் இல்லை. உங்கள் வெட்டு வீட்டுக்கு இவ்வளவு ஒட்டி நிற்பதால், அது சரிசெய்யப்படும் வரை உங்களுக்கு 75 என்று வையுங்கள் என்பேன். சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் டப்பாவைப் பார்க்க வேண்டியதே இல்லை.

எங்கே போவது என்பதும் இப்போதே முடிவாக வேண்டும். சரிவில் இல்லாத, ஓடையை ஒட்டாத வீடு, போகிற வழியில் ஓடை குறுக்கிடாத வீடு. சொந்தமோ சிநேகிதமோ, நேரில் போய், "மழை வலுத்தால் நாலு பேர் வந்து படுப்போம்" என்று சொல்லி வையுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் வருவாய்த்துறை முகாமாக அறிவிக்கும் பள்ளிக்கூடமோ மண்டபமோ எது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070. இந்த இரண்டு எண்ணையும் போனில் மட்டும் வைக்காமல் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் எழுதி வையுங்கள். கேரள டவர் பிடிக்கும் இடங்களில் போன் அடித்தால் சில சமயம் அந்தப் பக்கத்துக்குப் போகும், அப்போது "நீலகிரி மாவட்டம், பந்தலூர் வட்டம்" என்பதை முதலில் சொல்லுங்கள்.

கிளம்பும்போது மெயின் ஸ்விட்சை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, ஆடு மாட்டைக் கயிறு அவிழ்த்து விட்டுவிடுங்கள். பையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அம்மாவின் பிரஷர், சுகர் மாத்திரை ஒரு வாரத்துக்கும், டாக்டர் சீட்டும், சில்லறை நோட்டாகக் கொஞ்சம் பணமும், விசிலும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விசில் ஆளுக்கு ஒன்று. மண்ணுக்குள் மாட்டினவருக்குக் கத்திக்கொண்டே இருக்கத் தெம்பு இருக்காது.

பேப்பர் விஷயத்தில் நம் வட்டத்துக்கென்று ஒரு சங்கடம் உண்டு. பழைய ஜென்மி உரிமை நிலங்கள் யாருக்கு என்று நெடுநாளாக நடக்கும் ஜென்ம நில வழக்கால் பலரிடம் பட்டா இல்லை. உங்களிடமும் இல்லையென்றால் வீட்டுவரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு என்று அந்த இடத்தில் குடியிருப்பதைக் காட்டும் எல்லாவற்றையும் ஜிப் கவரில் போட்டு, போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பி வையுங்கள். வீட்டை நாலு பக்கமும், உள்ளேயும், இந்த ஏப்ரலில் போட்டோ எடுத்து வையுங்கள். 2022-26 காலத்துப் பேரிடர் நிவாரண விதிப்படி மலைப்பகுதியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,30,000 ரூபாய் என்று இருந்தது. நிவாரணம் கேட்கப் போகும்போது முந்தைய நிலையைக் காட்ட ஏதாவது கையில் வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுக்க முடிந்தால் எடுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி தருகின்றன, அதில் வெள்ளம், புயல், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் அடக்கம். ஆனால் ஒரு வரியை விரல் வைத்துப் படியுங்கள்: மண் கொட்டி நிரவிய இடம் தானாக அமிழ்ந்தால் அதற்குப் பணம் இல்லை. நம் மலையில் வீட்டின் பின்பாதி வெட்டின மண்ணிலும், முன்பாதி அந்த மண்ணைத் தள்ளி நிரவின இடத்திலும் நிற்பதே வழக்கம். உங்கள் வீடு எப்படி என்று கட்டினவரிடம் கேட்டு வையுங்கள்.

காற்றுக்கு: கூரை ஷீட் என்றால் அதைப் பிடித்து நிறுத்தும் ஜே போல்ட் துருப்பிடித்திருக்கிறதா பாருங்கள், ஓரத்திலும் முகட்டிலும் இரட்டிப்பாகப் போடுங்கள். முதலில் கிளம்புவது ஓரத்து ஷீட்தான். வீட்டின் மேல் சாயக்கூடிய சில்வர் ஓக்கையும் யூகலிப்டஸையும் மழைக்கு முன் கிளை கழிக்க வேண்டும், வெட்ட அனுமதி தேவைப்படும், அதற்கு நாளாகும் என்பதால் பிப்ரவரியிலேயே மனு கொடுப்பது நல்லது. வெட்டினாலும் வேரைப் பிடுங்காதீர்கள்.

நிலநடுக்கம் பற்றி நீங்கள் அதிகம் பயப்பட வேண்டாம். பீரோவைச் சுவரோடு ஒரு கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள், தலைமாட்டுப் பரணில் அம்மிக்கல்லும் அண்டாவும் வேண்டாம், அது போதும். 2024 ஆகஸ்ட் 9 காலையில் வயநாட்டில் அம்பலவயல் பக்கம் பூமிக்குள்ளிருந்து சத்தம் கேட்டு எல்லோரும் வெளியே ஓடினார்கள், நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை என்று பிறகு சொன்னார்கள். ஆனால் வெளியே ஓடியது சரியான காரியம். மழைக்காலத்தில் மலைக்குள் உறுமல் கேட்டால் அது என்ன என்று தெரிந்துகொள்ளும் வரை வீட்டுக்குள் நிற்கத் தேவையில்லை.

திரும்பி வரும்போது அவசரப்படாதீர்கள். மழை விட்டு வெயில் அடித்த மறுநாளும் மண் இறங்கும், உள்ளே இருக்கும் தண்ணீர் வடிய நாளாகும். பகலில், பெரியவர்கள் மட்டும் முதலில் போய்க் கண்ணாடித் துண்டையும் பின் சந்தையும் மேல் விளிம்பையும் பார்த்துவிட்டு அப்புறம் குடும்பத்தைக் கூட்டிவாருங்கள். ஊற்றுத் தண்ணீர் தெளிந்தாலும் கொதிக்கவைத்தே குடியுங்கள். சேற்றில் வேலை செய்தபின் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், கூடலூர் அரசு ஆஸ்பத்திரியில் சேற்றில் நின்றதைச் சொல்லி மருந்து கேளுங்கள்.

கடைசியாக உங்கள் அம்மா. "நான் இந்த வீட்டை விட்டு எங்கும் வரமாட்டேன், போனால் இங்கேயே போகிறேன்" என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். மழை கொட்டும்போது வாதாடினால் ஒரு மணி நேரம் போய் இருட்டிவிடும், கடைசியில் யாரும் கிளம்ப மாட்டீர்கள். நான் செய்தது இது. ஏப்ரலில், வெயில் நாளில், நாங்கள் போவதாக முடிவு செய்திருந்த சித்தப்பா வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போய் இரண்டு ராத்திரி தங்க வைத்தேன். பாத்ரூம் எந்தப் பக்கம், லைட் ஸ்விட்ச் எங்கே, ராத்திரி எழுந்தால் கால் எங்கே தட்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு போர்வையும் ஒரு சொம்பும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம், திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஜூலையில் டப்பாவில் 110 வந்த அன்று சாயங்காலம், நான் வாயைத் திறப்பதற்குள், "என் போர்வை அங்கதானே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினார்.